திருமுக்கூடல் கல்வெட்டில் ஆசிரியர் ஊதியம்: பிற பணியாளர் ஊதியத்துடன் ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆசிரியர் பெறும் ஊதியம் பிற பணியாளர் பெறும் ஊதியத்துடன் ஒப்பிடுகையில் நியாயமானதா என்னும் வினாவிற்குப் பொதுவாக அண்மைக்காலத் தரவுகளைக் கொண்டே விடை தேடப்படுகிறது. உத்திரமேரூர்ப் பகுதியில் இவ்வினாவிற்கு ஒன்பதரை நூற்றாண்டுக்கு முந்தைய சான்று கல்லில் உள்ளது. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, ஒரே நிறுவனத்தின் வருவாயிலிருந்து ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் ஏனைய பணியாளர்க்கும் வழங்கப்பட்ட ஊதியத்தை ஒருங்கே பதிவு செய்கிறது. அத்தரவுகளை ஆராயும் இக்கட்டுரை, ஆசிரியர் ஊதியத்தின் ஏற்றத்தாழ்வு கற்பித்தல் என்னும் தொழிலைவிட, எது கற்பிக்கப்பட்டது, யார்க்குக் கற்பிக்கப்பட்டது, யார் ஊதியமளித்தார் என்பவற்றையே பெரிதும் சார்ந்திருந்தது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திருமுக்கூடல், உத்திரமேரூர், வீரராசேந்திரன், ஆதுலசாலை, ஆசிரியர் ஊதியம், எண்ணாயிரம், திண்ணைப் பள்ளி.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், குடவோலைத் தேர்தல் முறையைப் பதிவு செய்த கல்வெட்டுகளால் அறியப்பட்ட ஊர். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட அவ்விரு கல்வெட்டுகளும் தேர்தல் வரலாற்றுக்கே பெரிதும் எடுத்தாளப்பட்டுள்ளன. கல்விக்கு அக்காலம் அளித்த மதிப்பை அளந்தறியவும் அவற்றுள் ஒரு விதி துணைபுரிகிறது. வாரிய உறுப்பினராதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும் என்பது பொதுவிதி. ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவராய் அவற்றை விளக்கும் திறனும் உடையவர்க்கு அரைக்கால் வேலி போதும் என்பது விலக்கு. எனவே கற்று எடுத்துரைக்கும் ஆற்றல் அரைக்கால் வேலி நிலத்துக்கு நிகராகக் கொள்ளப்பட்டது.

இது தகுதிக்கு இடப்பட்ட மதிப்பேயன்றிக் கற்பித்தலுக்கு அளிக்கப்பட்ட கூலியன்று. கற்பிப்போர்க்குப் பட்டவிருத்தி போன்ற நிலக்கொடைகள் இருந்தன. எனினும் நிலக்கொடையைக் கொண்டு ஆசிரியரைப் பிற பணியாளரோடு ஒப்பிடல் அரிது. நிலத்தின் விளைச்சல், குடிவாரம், இறை ஆகியவை இடத்துக்கு இடம் மாறுபடும். ஒரே அளவையில், ஒரே ஆண்டில், ஒரே கருவூலத்திலிருந்து பலர்க்கும் வழங்கப்பட்ட ஊதியப் பட்டியல் கிடைத்தாலன்றி ஒப்பீடு உறுதிபெறாது. அத்தகைய பட்டியல் உத்திரமேரூருக்கு வடகிழக்கே திருமுக்கூடலில் கிடைத்துள்ளது.

திருமுக்கூடல் கல்வெட்டு

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் அமைந்தது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திரனின் (ஆட்சி தொடக்கம் கி.பி. 1063) நீண்ட கல்வெட்டு உள்ளது. இதனைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் இக்கோயிலுக்கு இறையிலித் தேவதானமாக்கப்பட்டதையும், அவ்வருவாய் எவ்வெச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதையும் இது விரித்துரைக்கிறது. ஏறத்தாழ 3,240 கலம் நெல்லும் 216 காசும் ஆண்டு வருவாயாகக் கணக்கிடப்பட்டன. வழிபாடு, திருவிழா ஆகியவற்றுக்குரிய செலவுகளோடு ஒரு கல்விச்சாலை, மாணவர் உணவு, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலை ஆகியவற்றின் செலவுகளும் இதில் அடங்கும். ஆதுலசாலையில் 15 நோயாளர் படுக்கைகள் இருந்தன.

கல்விச்சாலை, ஆதுலசாலை ஆகியவற்றின் பணியாளர்க்கு ஓராண்டுக்கென விதிக்கப்பட்ட ஊதியம் வருமாறு:

1. வியாகரணமும் ரூபாவதாரமும் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்: 120 கலம் நெல், 10 காசு
2. மருத்துவர் ஒருவர்: 90 கலம் நெல், 8 காசு
3. இருக்கு வேத ஆசிரியர் ஒருவர்: 60 கலம் நெல், 4 காசு
4. யசுர் வேத ஆசிரியர் ஒருவர்: 60 கலம் நெல், 4 காசு
5. அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர்: 30 கலம் நெல்
6. மூலிகை கொணர்வோர் இருவர்: தலைக்கு 30 கலம் நெல், 1 காசு
7. மருந்து அட்டு நோயாளரைப் பேணும் பெண்டுகள் இருவர்: தலைக்கு 15 கலம் நெல், அரைக் காசு
8. நாவிதர் ஒருவர்: 15 கலம் நெல்
9. நீர் கொணர்வார் ஒருவர்: 15 கலம் நெல்

மருத்துவர்க்கு இதனோடு நிலமும் இருந்தது. ஆதலின் மருத்துவரின் மொத்த வருவாய் மேற்கண்ட அளவினும் மிகுதி என்பது கருத்திற் கொள்ளப்பட வேண்டும்.

ஊதியத்தின் உள்ளளவு

காசுக்கும் நெல்லுக்கும் உள்ள மாற்று விகிதம் இடத்தாலும் காலத்தாலும் வேறுபட்டது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு 2 கலம் நெல் என்னும் விலை காணப்படினும், அதனை அரை நூற்றாண்டுக்குப் பிற்பட்ட திருமுக்கூடலுக்கு அப்படியே பொருத்தல் இயலாது. ஆயினும் இங்கு ஒப்பீட்டிற்கு மாற்று விகிதம் இன்றியமையாததன்று. நெல்லில் மிகுதி பெற்றவரே காசிலும் மிகுதி பெற்றுள்ளார். எவ்விகிதத்தைக் கொண்டாலும் முதல் நான்கு இடங்களின் வரிசை மாறுவதில்லை.

ஒரு கலம் 12 குறுணி. ஒரு குறுணி 8 நாழி. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் 15 கலம் என்பது நாளொன்றுக்கு 4 நாழி நெல். அவ்வாறே 30 கலம் 8 நாழியும், 60 கலம் 16 நாழியும், 90 கலம் 24 நாழியும், 120 கலம் 32 நாழியும் ஆகின்றன. 5 பங்கு நெல்லுக்கு 2 பங்கு அரிசி என்பது தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டும் குற்றல் விகிதம். அதன்படி நாவிதரும் நோயாளரைப் பேணிய பெண்ணும் நாளொன்றுக்குப் பெற்ற நெல் ஒன்றரை நாழிக்குச் சற்று மேற்பட்ட அரிசியாகும். இதே ஆதுலசாலையில் படுத்திருந்த நோயாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி விதிக்கப்பட்டிருந்தது. எனவே கடைநிலைப் பணியாளரின் ஊதியம் அவர் ஒருவரின் உணவுக்குப் போதியதாயினும் ஒரு குடும்பத்தைத் தாங்கப் போதியதன்று.

வேத ஆசிரியரின் நெல் ஆறு நாழிக்கு மேற்பட்ட அரிசியாகிறது; வியாகரண ஆசிரியருடையது ஏறத்தாழ 13 நாழி. ஆசிரியர் குடும்பத்துடன் உண்டு, எஞ்சியதை விற்று, காசையும் சேர்க்கும் நிலையில் இருந்தார் என்பது தெளிவு. வியாகரண ஆசிரியர் பெற்ற நெல், நோயாளரைப் பேணிய பெண் பெற்றதைப் போல் எட்டு மடங்கு. வேறு வகையிற் கூறின், மூன்று ஆசிரியர்க்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது 240 கலம் நெல். ஆதுலசாலைப் பணியாளர் எண்மர்க்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டதும் அதே 240 கலம். காசைக் கணக்கிட்டால் ஆசிரியர் மூவர்க்கு 18, ஆதுலசாலையார் எண்மர்க்கு 11. மூவர் எண்மர்க்கு நிகராயினர்.

இவ்வொப்பீட்டில் வியப்புக்குரியது அறுவை மருத்துவரின் இடமாகும். உடலைக் கீறிச் செய்யும் பணி, நூலறிவைச் சார்ந்த பணியினும் தாழ்ந்ததாக மதிக்கப்பட்டது. மூலிகை கொணர்வாரும் அவரும் ஒரே அளவு நெல் பெற்றனர். மூலிகை கொணர்வார்க்குக் காசும் உண்டு, அறுவை மருத்துவர்க்கு அதுவும் இல்லை. ஆகவே ஊதியத்தை முடிவு செய்தது பணியின் அருமையோ இடரோ அன்று. நூல்வழிப்பட்ட கல்வியே என்று கொள்ளலாம்.

ஆசிரியர்க்குள் வேறுபாடு

வேத ஆசிரியர் ஒவ்வொருவரும் பெற்றதைப் போல் இரு மடங்கு நெல்லை வியாகரண ஆசிரியர் ஒருவரே பெற்றது ஏன்? இலக்கணம் வேதம் ஓதுதலினும் உயர்ந்த கல்வியாகக் கருதப்பட்டது என்பது வழக்கமான விளக்கம். கல்வெட்டிலுள்ள மாணவர் எண்ணிக்கை வேறொரு விளக்கத்துக்கும் இடமளிக்கிறது. இருக்கு வேதம் பயின்றோர் 10 பேர். யசுர் வேதம் பயின்றோர் 10 பேர். வியாகரணம் பயின்றோர் 20 பேர். 10 மாணவர்க்கு 60 கலம், 20 மாணவர்க்கு 120 கலம் என்பதால் மூன்று ஆசிரியர்க்கும் மாணவர் தலைக்கு 6 கலம் நெல்லே கிடைத்துள்ளது. காசில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு: வேத ஆசிரியர்க்கு 10 மாணவர்க்கு 4 காசு, வியாகரண ஆசிரியர்க்கு 10 மாணவர்க்கு 5 காசு வீதம். எனவே திருமுக்கூடலில் ஆசிரியர்க்குள் காணப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதி பணிச்சுமையை ஒட்டியதாகவும் இருக்கலாம்.

இது பொதுவிதியாக இருந்ததா என்பதை எண்ணாயிரம் கல்வெட்டைக் கொண்டு சோதிக்கலாம். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர் பயின்ற கல்விச்சாலை ஒன்று இருந்தது. அங்கு வேத ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 3 குறுணி நெல். 25 மாணவர்க்கு வியாகரணம் கற்பித்தவர்க்கு 1 கலம். 35 மாணவர்க்குப் பிரபாகர மீமாம்சை கற்பித்தவர்க்கும் அதே 1 கலம். 10 மாணவர்க்கே வேதாந்தம் கற்பித்தவர்க்கு 1 கலமும் 1 தூணியும். மாணவர் தொகை குறைந்த பாடத்துக்கு நெல் மிகுதி. எனவே எண்ணாயிரத்தில் ஊதியத்தை முடிவு செய்தது மாணவர் தொகையன்று, பாடத்தின் படிநிலையே. மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. வியாகரணம், மீமாம்சை ஆசிரியர்க்கு அத்தியாயம் ஒன்றுக்கு ஒரு கழஞ்சு பொன் தனியே அளிக்கப்பட்டது. வேதாந்த ஆசிரியர்க்குப் பொன் இல்லை. மெய்யறிவைப் பொன்னுக்கு விற்றலாகாது என்னும் கருத்து இதன் பின்னணியாகலாம். ஆயினும் அவர்க்கு நெல் குறைக்கப்படவில்லை, கூட்டப்பட்டது.

ஊதியம் நெல்லாலும் காசாலும் மட்டும் அமையவில்லை. முதலாம் இராசாதிராசன் காலத்துத் திரிபுவனி (இன்றைய புதுச்சேரிப் பகுதி) கல்விச்சாலையில் கற்பித்தோர்க்கும் கற்றோர்க்கும் ஊர் வாரியப் பணிகளினின்று விலக்கு அளிக்கப்பட்டது. உத்திரமேரூரில் கற்றவர் வாரியத்துக்கு அழைக்கப்பட்டார். திரிபுவனியில் கற்பிப்பவர் வாரியத்தினின்று விடுவிக்கப்பட்டார். இரண்டும் கல்விக்கு அளித்த மதிப்பே. பின்னதில் ஆசிரியரின் காலம் விலையுடையது என்னும் உணர்வு புலப்படுகிறது.

நூலாசிரியர் மட்டுமே ஆசிரியரல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கும் தலைக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல், விதிக்கப்பட்டது; ஆடல் பயிற்றிய நட்டுவர்க்கு இரு பங்கு. அளவு மரக்கால் வேறுபடக்கூடும் ஆதலால் நேர் ஒப்பீடு எச்சரிக்கையுடன் கொள்ளற்பாலது. எனினும் பேரரசின் தலைமைக் கோயிலில் ஆடல் கற்பித்தவர், தொண்டை மண்டலத்துச் சிறு கோயிலில் வியாகரணம் கற்பித்தவரினும் மிகுதியாகப் பெற்றார் என்பது, அளிப்போரின் செல்வநிலை ஊதியத்தில் வகித்த பங்கைக் காட்டுகிறது.

கல்வெட்டில் இடம்பெறாத ஆசிரியர்

திருமுக்கூடல் பட்டியலில் ஆசிரியர் நல்லூதியம் பெற்றார் என்று கூறி அமையின் அது பாதி உண்மையே. அக்கல்விச்சாலையில் கற்றோர் வேதம் ஓதும் உரிமையுடைய அந்தண ஆண்மக்கள். வயலைக்காவூரில் நெல் விளைத்த குடிகளின் பிள்ளைகள் அங்கில்லை. அவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தவரும் அப்பட்டியலில் இல்லை. உழவரின் நெல் வேத ஆசிரியர்க்கு ஊதியமாயிற்று. உழவர் பிள்ளைகளின் ஆசிரியர்க்கு அவ்வருவாயில் பங்கு குறிக்கப்படவில்லை.

அடிநிலை ஆசிரியர்க்கும் உயர்நிலை ஆசிரியர்க்கும் உள்ள இடைவெளி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசர் தியோக்கிளீசியன் கி.பி. 301இல் வெளியிட்ட விலை ஆணை, எழுத்தறிவிக்கும் ஆசிரியர்க்கு மாணவர் ஒருவர்க்கு மாதம் 50 தெனாரியும், இலக்கண ஆசிரியர்க்கு 200 தெனாரியும் உச்ச அளவாக வரையறுத்தது. அதே ஆணையில் தச்சரின் நாட்கூலி, உணவு நீங்கலாக, 50 தெனாரி. நாள்தோறும் வேலை பெறும் தச்சரின் மாத வருவாயை எட்ட எழுத்தாசிரியர் 30 மாணவரைச் சேர்க்க வேண்டும். இலக்கண ஆசிரியர்க்கு எண்மர் போதும். ஆயினும் உரோம ஆணை எழுத்தாசிரியரைப் பெயர் சுட்டிப் பட்டியலில் வைத்தது. திருமுக்கூடற் பட்டியல் அவரைச் சுட்டவே இல்லை.

இவ்விடுபட்ட ஆசிரியரின் வருவாய் ஆவணத்தில் தெளிவாகப் புலப்படுவது ஏழரை நூற்றாண்டுகளுக்குப் பின்னராகும். சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பிற்கு, உத்திரமேரூரை உள்ளடக்கிய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் 1823இல் விடையளித்தார். கிராமப் பள்ளி ஆசிரியர் மாதம் மூன்றரை ரூபாய் முதல் 12 ரூபாய் வரை ஈட்டுகின்றனர். சராசரி 7 ரூபாய்க்கு மேல் இராது என்பது அவர் கணிப்பு. முந்தைய அரசுகள் இவ்வாசிரியர்க்கு உதவித்தொகை ஏதும் அளிக்கவில்லை என்றும், சில ஊர்களில் சமய நூல் கற்பிப்போர்க்குச் சிறிதளவு மானிய நிலம் உண்டு என்றும் அவர் குறித்தார். திருமுக்கூடலில் காணும் பிளவு இங்கும் நீடித்துள்ளது: நூல்வழிக் கல்வி கற்பித்தவர்க்கு அறக்கொடை, ஊர்ப்பிள்ளைகட்குக் கற்பித்தவர்க்குப் பெற்றோர் இயன்றதைத் தருவது.

அக்காலத்தில் கம்பெனிப் படையின் சிப்பாய் பெற்ற மாத ஊதியமும் ஏறத்தாழ 7 ரூபாயே. சிப்பாய்க்கு அது அரசின் உறுதியான ஊதியம்; திண்ணைப் பள்ளி ஆசிரியர்க்கோ விளைச்சலையும் பெற்றோரின் கையிருப்பையும் சார்ந்த நிலையற்ற வருவாய். மன்றோ இதனை உணர்ந்திருந்தார். மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டும் ஆசிரியர் மிகச் சிலர் என்றும், தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் 1826 மார்ச்சு 10ஆம் நாளிட்ட குறிப்பில் எழுதினார். மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியர்க்கு 15 ரூபாயும் தாசில்தாரிப் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாயும் அரசே அளிக்க வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். ஆசிரியர்க்குப் போதிய ஊதியமின்மையே கல்வித் தாழ்வுக்கு ஒரு காரணம் என ஆட்சித் தலைவர் ஒருவர் ஏட்டில் ஏற்றுக்கொண்டமையே இக்குறிப்பின் சிறப்பு. எனினும் இங்கும் படிநிலை ஒழியவில்லை. அரசின் ஊதியம் மாவட்டத் தலைநகரையும் வட்டத் தலையிடத்தையும் எட்டியது. ஊர்த் திண்ணை அதற்கு அப்பாலேயே நின்றது.

நிகழ்கால நோக்கு

அரசு ஊதியம் ஊர்ப் பள்ளிகளையும் எட்டிய பின்னர், உழவர் பிள்ளைகளின் ஆசிரியரும் கணக்கேட்டில் இடம் பெற்றார். இது வரலாற்றில் பெருமாற்றம். ஆனால் ஆசிரியர்க்குள்ளான பிளவு வேறு வடிவில் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2009 சூன் 1ஆம் நாளுக்கு முன் பணியேற்ற இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் எனவும், அதன் பின் பணியேற்றவருடையது 5,200 ரூபாய் எனவும் அமைந்ததால் 3,170 ரூபாய் வேறுபாடு எழுந்தது. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்னும் கோரிக்கையும் 2018 திசம்பரில் நிகழ்ந்த உண்ணாநிலைப் போராட்டமும் இதன் விளைவுகளே. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர்.

திருமுக்கூடல் ஊதியத்தின் வேறுபாட்டுக்கு மாணவர் தொகையேனும் பாடமேனும் காரணமாகக் காட்டத்தக்கது. ஒரே வகுப்பில் ஒரே பாடநூலை ஒரே தொகை மாணவர்க்குக் கற்பிக்கும் இருவர்க்கிடையே பணியேற்ற நாளை மட்டும் காரணமாகக் கொண்ட வேறுபாட்டுக்கு அத்தகைய காரணமும் இல்லை. பகுதிநேர ஆசிரியர் நிலையில், நூற்பாடம் உயர்ந்தது, கைத்தொழிலும் கலையும் தாழ்ந்தவை என்னும் பழைய மதிப்பீட்டின் எச்சம் காணப்படுகிறது. அறுவை மருத்துவர்க்கு 30 கலமும் நூல் கற்ற மருத்துவர்க்கு 90 கலமும் அளித்த மதிப்பீடு இதனின்று வெகு தொலைவில் இல்லை.

முடிவுரை

ஆசிரியர்க்குப் பிற பணியாளரோடு ஒப்பிடுகையில் நியாயமான ஊதியம் கிடைத்ததா என்னும் வினாவிற்கு உத்திரமேரூர்ப் பகுதியின் வரலாறு ஒற்றை விடை தருவதில்லை. வீரராசேந்திரன் காலத்தில் கோயிற்சாலை ஆசிரியர் மூவர் ஆதுலசாலைப் பணியாளர் எண்மர்க்கு நிகரான நெல் பெற்றனர். அவ்வளவில் ஆசிரியர் நிலை உயர்ந்ததே. ஆனால் அவ்வுயர்வு ஆசிரியத் தொழில் முழுமைக்கும் உரியதன்று. அரசும் கோயிலும் காக்க விரும்பிய கல்வியைக் கற்பித்தவர்க்கே உரியது. எல்லார்க்கும் எழுத்தறிவித்தவர் 1823இல் சிப்பாய்க்கு நிகரான, ஆனால் உறுதியற்ற, வருவாயையே கண்டார்.

ஆசிரியரை மருத்துவரோடும் படைவீரரோடும் ஒப்பிடும் ஆய்வுகள், ஆசிரியரை ஆசிரியரோடு ஒப்பிடும் பணியையும் உடன் மேற்கொள்ள வேண்டும். திருமுக்கூடற் பட்டியலில் முதலிடத்தில் நிற்பவரும் ஆசிரியரே. அப்பட்டியலில் இடமே பெறாதவரும் ஆசிரியரே. ஊதிய நியாயம் பற்றிய எந்த முடிவும் இவ்விருவரையும் ஒருங்கே கருதும்போதுதான் நிறைவுபெறும்.